‘மனநிறைவோடு’ என்றொரு சொல்

வேலையாள் ஒருவரைக் குற்றம் எதுவும் காணாமல் வேலையிலிருந்து நிறுத்துவதற்குச் சட்டம் இரண்டு வழிகளைத்தான் திறந்து வைத்திருக்கிறது. ஒன்று, அந்த வேலையாள் முன்கூட்டியே எழுத்தில் சம்மதிக்க வேண்டும். மற்றது, தொழில் ஆணையாளர் முன்கூட்டியே எழுத்தில் அங்கீகரிக்க வேண்டும். இரண்டாவது வழியில் போனால் நட்டஈடு உண்டு. எத்தனை வருடம் வேலை செய்தார் என்று பார்த்து, அதற்கென்று உள்ள அட்டவணைப்படி கொடுக்க வேண்டும். முதலாவது வழியில் போனால் தொழில்தருநர் மனம் வைத்துக் கொடுப்பதுதான்.

புதிதாகத் தொழில் உத்தியோகத்தர்களாக வந்திருக்கும் நீங்கள் இதையெல்லாம் தடைதாண்டல் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பீர்கள். நானும் பாடமாக்கினேன், நல்ல புள்ளியும் எடுத்தேன். முப்பத்தொரு வருடச் சேவையில் இந்தப் பிரிவை எத்தனை பேருக்கு விளங்கப்படுத்தியிருப்பேன் என்று கணக்கில்லை. கடைசியில், ஒருவருடைய சம்மதத்தை அவருக்கே தெரியாமல் நானே எழுதிக் கொடுத்தேன், அதுவும் நல்ல தமிழில். உங்கள் பயிற்சிக் கைந்நூலில் இல்லாத விடயம் அதுதான் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் என் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் சேவையில் சேர்ந்த காலத்தில் என் முதலாவது மேலதிகாரி, முறைப்பாடு எழுதி வருகிறவர்களின் கடிதங்களை என்னிடம் தந்து சுருக்கச் சொல்வார். “கண்ணீரை வெட்டும், திகதியை வையும்” என்பார். அது நல்ல அறிவுரை. கொழும்பில் கோவையை வாசிக்கிறவருக்கு முறைப்பாட்டாளர் எத்தனை நாள் சாப்பிடவில்லை என்பது தேவையில்லை. எந்தத் திகதியில் நிறுத்தினார்கள், கடைசிச் சம்பளம் எவ்வளவு, யார் கையெழுத்து வைத்தது என்பவைதான் தேவை. ஆகவே முப்பத்தொரு வருடமும் நான் மற்றவர்களின் கவலையைச் சிவப்பு மையால் வெட்டி வந்தேன். அதில் நல்ல பெயரும் எடுத்தேன். பேர் எடுத்தவனை ஊர் விடுமா? புளியங்கூடலில் ஒரு கலியாணத்துக்கு வாழ்த்துமடல், ஒரு செத்தவீட்டுக்குக் கல்வெட்டுப் பாட்டு, பாடசாலை அதிபருக்குப் பிரியாவிடை மடல் என்று எது வந்தாலும் என் வீட்டு விறாந்தைக்குத்தான் வரும். நானும் பெருமையோடு திருத்திக் கொடுப்பேன்.

அல்லைப்பிட்டிப் பக்கம் கடற்கரையோரமாக ஒரு நண்டுத் தொழிற்சாலை இருந்தது. அவித்த நண்டை உடைத்துச் சதையைப் பிரித்துத் தகரத்தில் அடைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள். தீவுப் பகுதியில் நாற்பத்து மூன்று பெண்களுக்கு அதுதான் சீவியம். அந்த நிறுவனத்தின் பெயர் உங்களுக்குத் தேவையில்லை. அது இப்போது வேறு மாவட்டத்தில் வேறு பெயரில் இருக்கிறது.

அங்கே வேலை செய்தவர்களில் ஒருவர் தவமலர். சரவணையைச் சேர்ந்தவர், அப்போது ஐம்பத்திரண்டு வயது, பன்னிரண்டு வருடச் சேவை. வீட்டில் அவரும் தங்கச்சி மணியும் மட்டும். மணிக்கு நாற்பது வயது, புத்தி ஆறு வயதோடு நின்றுவிட்டது. தனியே விட்டால் கடற்கரைக்கு இறங்கி நடப்பாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தாலும் நிற்கத் தெரியாது. தொழிற்சாலை வான் காலை ஏழு மணிக்குத் தவமலரை ஏற்றி மூன்று மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். அந்த எட்டு மணித்தியாலத்துக்குப் பக்கத்து வீட்டு அக்கா மணியைப் பார்த்துக்கொள்வார். அதற்கு மேல் ஏலாது என்று முன்பே சொல்லியிருந்தார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வருகிற நேரம். ஆகவே தவமலருக்குத் தீவுக்குள் ஒரு வேலை, மூன்று மணிக்கு முடிகிற வேலை, வேண்டும். அப்படிப்பட்ட வேலை அந்தத் தொழிற்சாலையை விட்டால் வேறு இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

டொலர் இல்லாமல் நாடு எரிபொருள் வரிசையில் நின்ற காலத்திலேயே தொழிற்சாலை தள்ளாடத் தொடங்கிவிட்டது. பிறகு நிமிர்ந்தது போலத் தெரிந்தது. பிறகு, நிமிர்ந்த கம்பனி தீவில் இருக்கத் தேவையில்லை என்று கொழும்பில் முடிவெடுத்தார்கள். ஒரு புரட்டாதி மாதத் தொடக்கத்தில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு தம்பி வந்தான். தமிழ்ப் பொடியன், கையில் மடிக்கணினி, எல்லாரையும் அம்மா, அக்கா என்று கூப்பிட்டானாம். மாத முடிவோடு இந்த இடத்தை மூடுகிறோம், உங்களைச் சும்மா அனுப்ப மாட்டோம், முறையாகப் பிரியாவிடை வைப்போம், ஒவ்வொருவருக்கும் ஒரு கடித உறை, ஒரு சுவர்க் கடிகாரம், மதியச் சாப்பாடு என்று சொன்னான். நிறுத்துகிறோம் என்ற சொல்லை ஒரு தடவையும் அவன் பாவிக்கவில்லை. நீங்களும் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு மடல் எழுதி வாசித்தால் நல்லது, கண்ணாடிச் சட்டம் போட்டுத் தலைமை அலுவலகத்தில் தொங்கவிடுவோம் என்றும் சொன்னான்.

யாழ்ப்பாணத்து ஆட்களைப் பற்றி அந்தத் தம்பிக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. நிறுத்தல் கடிதத்தில் கையெழுத்து வை என்று கேட்டால் நாற்பத்து மூன்று பேரும் நாற்பத்து மூன்று கேள்வி கேட்டிருப்பார்கள். மடல் எழுதச் சொன்னால் நாங்கள் கேள்வி கேட்பதில்லை. நல்ல தமிழ் தெரிந்த ஆளைத்தான் தேடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தவமலரும் இன்னும் இரண்டு பெண்களும் அப்பியாசக் கொப்பித் தாள் ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தார்கள்.

“அண்ணை, பிரியாவிடை வைக்கினம். நாங்கள் ஒரு மடல் வாசிக்க வேணுமாம். எழுதிப் பாத்தனாங்கள், வடிவா வரேல்லை. ஒருக்காத் திருத்தித் தாங்கோ.”

வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டு வரி இருந்திருக்கும். வேலை தந்ததற்கு நன்றி, வானில் ஏற்றி இறக்கியதற்கு நன்றி, கொரோனா நேரம் அரிசி தந்ததற்கு நன்றி. கடைசி வரி இது: “நாங்கள் கவலையோட போறம்.”

தொழிற்சாலை மூடுகிறது என்பது எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் பதவியில் இருந்த தொழில் உத்தியோகத்தர், ஓய்வுக்கு இன்னும் பத்து மாதம். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: ஆணையாளரின் அங்கீகாரம் எடுத்துவிட்டார்களா? அந்த விண்ணப்பம் கொழும்பில் நேரே கொடுக்கப்படுவது, என் மேசைக்கு வராது. இவ்வளவு பெரிய கம்பனி எடுக்காமல் இருக்குமா என்று நினைத்தேன். நடைமுறை தெரிந்தவனுக்கு வருகிற நோய் இது. நடைமுறை என்று ஒன்று இருந்தால் அது நடந்திருக்கும் என்று நம்பிவிடுவான். நடைமுறை தெரியாதவன் குறைந்தது போய்ப் பார்ப்பான்.

நான் பேனையைத் திறந்தேன். ‘வடிவா’ என்பதை ‘செவ்வனே’ ஆக்கினேன். ‘அரிசி தந்தது’ என்பதை ‘இடர்காலத்தில் உறுதுணையாய் நின்றமை’ ஆக்கினேன். கடைசி வரிக்கு வந்ததும் மேலதிகாரியின் குரல் கேட்டதோ என்னவோ, கண்ணீரை வெட்டினேன். பிரியாவிடை மடலில் கவலையோடு போகிறோம் என்று எழுதுவது அழகில்லை என்று அவர்களுக்கு விளக்கமும் சொன்னேன். அதற்குப் பதிலாக எழுதிய வரி: “இத்தனை காலமும் எம்மை வாழவைத்த நிறுவனத்திலிருந்து மனநிறைவோடு விடைபெறுகின்றோம்.”

தவமலர் அதை இரண்டு தரம் வாசித்தார். “வடிவாத்தான் இருக்கு,” என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா அண்ணை, எனக்கு மனநிறைவு இல்லையே,” என்றார். மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். “மடலிலை அப்பிடித்தான் எழுதுறது, தவமலர். உம்மடை மனசை ஆர் கேட்டது?” என்றேன்.

அந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்தது. சேவையில் இருந்த ஒரு தொழில் உத்தியோகத்தரின் வாயிலிருந்து. எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரியாவிடை நடந்தது. மடலைக் கணினியில் தட்டி, பூக்கரை போட்ட தாளில் எடுத்து, நாற்பத்து மூன்று பேரும் கீழே கையெழுத்து வைத்தார்கள். அவர்களின் கையெழுத்து நன்றாக இருந்ததற்கு ஒரு காரணம் உண்டு. வரவு பதிய முதலில் விரல் வைக்கிற இயந்திரம் பூட்டியிருந்தார்கள். நண்டு ஓடு கீறிக் கீறி ரேகை அழிந்த விரல்களை அது அடையாளம் காணவில்லை. பிறகு காலையும் மாலையும் புத்தகத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். அப்படிப் பல வருடம் நாளுக்கு இரண்டு தடவை வைத்துப் பழகிய கை.

மடலில் திகதி போட்டவன் அந்தத் தம்பி. பிரியாவிடை மாதத்தின் இருபதாம் திகதி, கடைசி வேலைநாள் முப்பதாம் திகதி. முன்கூட்டியே, எழுத்தில், சம்மதம். மூன்றும் பொருந்தியது. அவன் எங்கள் பரீட்சைக்கு இருந்திருந்தால் என்னைவிடக் கூடப் புள்ளி எடுத்திருப்பான்.

உறையில் இருந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களிடம் வருகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. பெரும்பகுதி பணிக்கொடை. அது ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்குச் சட்டப்படி சேர வேண்டிய பாத்தியதை; தானாக விலகினாலும் உண்டு. அதைத் தமிழில் கொடை என்று மொழிபெயர்த்தவர் யாரோ, அவரை நான் சந்திக்க விரும்புகிறேன். கொடை என்றால் கை நீட்டி வாங்கி நன்றி சொல்வதுதானே எங்கள் பழக்கம். அதற்கு மேல் கம்பனி போட்டது எல்லாருக்கும் ஒரே அளவு. பன்னிரண்டு வருடம் நின்றவருக்கும் ஒன்றரை வருடம் நின்றவருக்கும் சமன். பந்தியில் எல்லாருக்கும் ஒரே அளவு சோறு விழுந்ததைப் போல எல்லாரும் திருப்திப்பட்டார்கள். கம்பனி நீதியாக நடந்தது என்று ஊரில் பேச்சு வந்தது இந்தச் சமனால்தான். சட்டத்தின் அட்டவணை வருடத்தைப் பார்க்கும், சமன் பார்க்காது. அட்டவணைப்படி போயிருந்தால் தவமலருக்கு இரண்டு பசுமாடு வாங்கி, கொட்டில் போட்டு, வீட்டோடு இருந்து பால் விற்கிற அளவுக்கு வந்திருக்கும். அதுதான் அவருடைய திட்டமும். மணிக்கு மாடு என்றால் பயமில்லையாம்.

உறையைப் பிரித்துப் பார்த்த பிறகுதான் தவமலர் என்னிடம் வந்து, இது சரியா அண்ணை என்று கேட்டார். அப்போதுதான் நான் கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து விசாரித்தேன். அங்கீகாரத்துக்கு விண்ணப்பமே போகவில்லை. ஆறு மாதத்துக்குள் முறைப்பாடு செய்யலாம், செய்யுங்கள் என்றேன். அப்போதும் மடல் என் நினைவுக்கு வரவில்லை. உண்மையாகவே வரவில்லை.

மற்றப் பெண்களைச் சேர்க்கத் தவமலர் வீடு வீடாகப் போனார். இளம் பெண்களுக்குச் சமன்தான் இலாபம். அட்டவணை வந்தால் தங்களுக்குத் தந்ததைத் திருப்பிக் கேட்பார்களோ என்று பயம். மூத்தவர்களுக்கு வெட்கம். ஒருத்தி முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள்: “எல்லாருக்கும் ஒரே அளவுதானே தந்தவை. உனக்கு மட்டும் என்ன கூட? உன்ரை நண்டுக்கு மட்டும் பத்துக் காலோ?” நண்டுக்குப் பத்துக் கால்தான் என்று தவமலர் பதில் சொன்னாராம். என்றாலும் முறைப்பாட்டில் கையெழுத்து வைத்தது அவர் ஒருவர்தான்.

பங்குனியில் எங்கள் அலுவலகத்தின் மேல்மாடியில் விசாரணை. கொழும்பிலிருந்து வந்த விசாரணை அலுவலருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும், வாசிக்கத் தெரியாது. பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். கம்பனி சார்பில் ஒரு சட்டத்தரணி, அந்தத் தம்பி. தவமலர் தனியே ஒரு கதிரையில். உதவிக்கென்று கோவைகளோடு மூலையில் நான்.

சட்டத்தரணி நீண்ட நேரம் பேசவில்லை. கண்ணாடிச் சட்டத்தோடு மடலை எடுத்து மேசையில் வைத்தார். அதோடு ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று, சத்தியம் செய்த மொழிபெயர்ப்பாளரின் முத்திரையோடு. பூவும் அலங்காரமும் தமிழிலேயே நின்றுவிட்டன. ஆங்கிலத்தில் கடைசி வரி ஏழெட்டுச் சொல்லில் மொட்டையாக இருந்தது: நாங்கள் முழுத் திருப்தியுடன் நிறுவனத்தை விட்டு விலகுகிறோம். மொழிபெயர்ப்பில் பிழை எதுவும் இல்லை. அதுதான் கொடுமை. தமிழில் அது கடிதம் முடிக்கிற மரியாதை. ஆங்கிலத்தில் அது ஒப்புதல் வாக்குமூலம்.

விசாரணை அலுவலர் தவமலரைப் பார்த்துக் கேட்டதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொன்னார்: “அம்மா, இது ஆர் எழுதினது?”

அந்த இடத்தில் எவ்வளவு நேரம் போயிருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றுகிற நேரம். அதற்குள் நான் கணக்குப் பார்த்து முடித்துவிட்டேன். பதவியில் இருக்கும் உத்தியோகத்தர், தன் பிரதேசத்திலுள்ள நிறுவனத்தின் வேலையாட்களுக்கு, வேலை முடிவுறுத்தல் தொடர்பான ஆவணத்தை, தனிப்பட்ட முறையில் தயாரித்துக் கொடுத்திருக்கிறார். எந்த விதிக்கோவையில் எந்த அத்தியாயம் என்பது எனக்கு மனப்பாடம். குற்றப்பத்திரம் வரும், விசாரணை முடியும்வரை ஓய்வூதியம் நிற்கும். ஓய்வுக்கு இன்னும் நான்கு மாதம்.

தவமலர் என் பக்கம் திரும்பவே இல்லை. “நாங்கள்தான் எழுதினனாங்கள், சேர்,” என்றார்.

மதிய இடைவேளையில் அவர் கீழே தண்ணீர்க் குழாயடியில் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆளில்லை என்று பார்த்துத்தான் நான் போனேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. என்னுடைய பெயரை ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். நன்றி சொல்லும் எண்ணத்தோடுதான் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அவர் பெட்டியை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் சொன்னா அது காட்டிக்குடுக்கிறது, அண்ணை. நீங்கள் சொன்னா அது சாட்சி. பின்னேரமும் விசாரணை இருக்குத்தானே.”

பின்னேரமும் விசாரணை இருந்தது. நானும் இருந்தேன். நான் எழுதியது என்று சொல்லாவிட்டாலும், ஐயா, எங்கள் தமிழில் கடிதங்கள் இப்படித்தான் முடியும், இதற்கு இவ்வளவு அர்த்தம் இல்லை என்றாவது சொல்லியிருக்கலாம். எந்தத் தமிழ் வாத்தியாரும் சொல்லக்கூடிய விடயம். அதைச் சொன்னால் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களோ என்று பயந்தேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான்கரை மணிக்கு விசாரணை அலுவலர் கோவையைக் கட்டினார். முடிவு எழுத்தில் அறிவிக்கப்படும் என்றார். நான் எழுந்து கதவைத் திறந்துவிட்டேன்.

பின்னர் என் மனச்சாட்சி விழித்துக்கொண்டது என்று எழுதினால் நீங்கள் நம்பக்கூடாது. அது எப்போதும் விழித்துத்தான் இருந்தது. ஓய்வூதியப் பத்திரம் கைக்கு வரும்வரை அதைக் கொஞ்சம் பொறு என்று சொல்லி வைத்திருந்தேன். ஆடியில் ஓய்வு பெற்றேன். எனக்கும் பிரியாவிடை வைத்தார்கள், மடல் வாசித்தார்கள். அதில் எழுத்துப் பிழை இருந்தது, நான் கண்டுகொள்ளவில்லை. ஐப்பசியில் ஓய்வூதியம் உறுதியானது. அந்தக் கிழமையே ஊர்காவற்றுறையில் ஒரு சமாதான நீதவானிடம் போய்ச் சத்தியக் கடதாசி முடித்தேன். குறித்த வரி என்னுடையது. வேலையாட்கள் எழுதியிருந்த வரி ‘நாங்கள் கவலையோட போறம்’ என்பது. தவமலர் தனக்கு மனநிறைவு இல்லை என்று என்னிடம் வாயால் சொன்னார். நான் அதைக் கேட்டும் மாற்றவில்லை. நான்கு பந்தி. கண்ணீரில்லை, திகதிகள் உண்டு. பதிவுத் தபாலில் கொழும்புக்கு அனுப்பினேன். முடிவு அதுவரை வரவில்லை, ஆகவே இன்னும் நேரம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எனக்கு நேரம் இருந்தது. தவமலருக்கு இருக்கவில்லை.

வான் நின்ற பிறகு அவர் கையில் இருந்ததை வைத்து ஒரு வருடம் ஓட்டினார். கூலிக்கு வெங்காயம் கிண்டப் போனார், பனங்கிழங்கு அவித்து விற்றார். நண்டு ஓட்டில் புண்பட்ட விரலுக்கு ஓலை பின்னுகிற வேலை சரிவரவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தங்குவிடுதியில் துப்புரவு வேலை கிடைத்தது. காலை ஆறு மணி பஸ் எடுத்தால்தான் பண்ணைப் பாலம் தாண்டி நேரத்துக்குப் போகலாம், திரும்பி வர ஏழு மணியாகும். பதின்மூன்று மணித்தியாலம் மணியை யார் பார்ப்பது? தீவுக்கு வெளியே பெருநிலப்பரப்பில் இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற ஒரு இல்லம் இருக்கிறது. அங்கே ஒரு இடம் வந்தது. தவமலர் அதை ஒருதரம் மறுத்தார். கேஸ் முடிவு வந்தால் மாடு வாங்கலாம், மணியை அனுப்பத் தேவையில்லை, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பம் என்று அவர்களிடம் சொன்னாராம். மார்கழியில் இரண்டாம் தரம் இடம் வந்தது. மூன்றாம் தரம் கேட்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நாட்களில் ஒருமுறை என்னிடம் வந்து கேட்டார். “அண்ணை, உங்களுக்கு இந்த நடைமுறை எல்லாம் தெரியும். முடிவு வாற மாதம் வருமோ, வராதோ? ஒண்டைச் சொல்லுங்கோ. வருமெண்டா வைச்சிருக்கிறன்.”

நான் அறிந்த எல்லா நடைமுறையையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். வரலாம், வராமலும் விடலாம், சத்தியக் கடதாசி போயிருப்பதால் கொஞ்சம் சுணங்கலாம் என்றேன். என் சாட்சிதான் முடிவைச் சுணக்கியது என்பது அவருக்கு விளங்கியதோ தெரியவில்லை. எனக்கு விளங்கியது. பங்குனியிலேயே அந்த மேல்மாடியில் எழும்பிச் சொல்லியிருந்தால், அன்றைய குறிப்பிலேயே பதிந்து அன்றைக்கே கோவையோடு கொழும்புக்குப் போயிருக்கும்.

தைப்பொங்கலுக்கு அடுத்த கிழமை மணியை அனுப்பினார். ஓட்டோவில் ஏற்ற இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்ததாம். பக்கத்து வீட்டு அக்காதான் எனக்கு இதைச் சொன்னார். தவமலர் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்த்து வருகிறார் என்றும், மணி இப்போது இவருடன் கதைப்பதில்லை, சுவரைப் பார்த்துத் திரும்பி இருக்கிறாள் என்றும் சொன்னார்.

இந்தக் கட்டத்தில் நான் உங்களுக்கு ஒரு பாடம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பீர்கள். சின்னச் சின்னப் பாடங்கள் இருக்கின்றன. உங்கள் பிரதேசத்தில் ஒரு நிறுவனம் மூடுகிறது என்று தேநீர்க் கடையில் கேள்விப்பட்டால் அன்றைக்கே அங்கீகாரத்தைத் தேடுங்கள், முறைப்பாடு வரும்வரை இருக்காதீர்கள். சமமாகக் கொடுத்தார்கள் என்று யாராவது சொன்னால், ஆகக் கூடிய காலம் நின்றவரைத் தேடிப் பிடித்துக் கதையுங்கள். விலகும் வேலையாள் கையெழுத்து வைக்கிற எந்தத் தாளையும், அது பூப்போட்ட தாளாக இருந்தாலும், சட்டப் பத்திரமாகவே பாருங்கள். மற்றவரின் வாக்கியத்தைத் திருத்தும்போது பிழையை மட்டும் திருத்துங்கள். கவலை எழுத்துப் பிழையல்ல. இவை எல்லாம் உண்மை. இவற்றில் எதுவும் அந்தக் குழாயடியிலிருந்து படியேறிப் போன எனக்கு உதவியிருக்காது. எனக்கு அன்றைக்கு அறிவு குறைவாக இருக்கவில்லை. என்ன செய்ய வேண்டும் என்பதைத் தவமலர் தெளிவாகவே சொல்லியிருந்தார்.

கடைசியில் பதில் வந்தது. எனக்கு ஒன்று, தவமலருக்குப் பிரதி ஒன்று. தவமலர் வீட்டில் ஆளில்லாததால் தபாற்காரர் இரண்டையும் என்னிடமே தந்துவிட்டுப் போனார். சத்தியக் கடதாசி கவனத்தில் எடுக்கப்பட்டது; மேற்படி மடல் சம்மதமாகக் கொள்ளத்தக்கதா என்பது மீள ஆராயப்பட வேண்டியது; ஆகவே விசாரணை மீளத் திறக்கப்படும். இவ்வளவும் வாசித்தபோது எனக்குச் சந்தோசம்தான். அடுத்த பந்தி: மனுதாரர் விடயத்தைத் தொடர விரும்பின், இக்கடிதத் திகதியிலிருந்து பதினான்கு நாட்களுக்குள் கொழும்பில் நேரில் சமுகமளித்து எழுத்தில் உறுதிப்படுத்த வேண்டும், தவறின், அவரது சம்மதத்துடன் கோவை மூடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

பின்னேரம் சரவணைச் சந்தியில் பஸ்ஸுக்குக் காத்து நின்றேன். தவமலர் இறங்கினார். கடிதத்தை அங்கேயே வாசித்துக் காட்டினேன். கடைசிப் பந்தியை இரண்டாம் தரம் வாசிக்கச் சொன்னார்.

“இப்ப என்னத்துக்குச் சம்மதமாம்?” என்று கேட்டார்.

நான் விளங்கப்படுத்தினேன். அவர் தலையாட்டினார், கடிதத்தை மடித்துச் சாப்பாட்டுப் பெட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தார்.

காலக்கெடுவை நீடிக்க முடியாதா என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். முடியும். தகுந்த காரணம் காட்டி விண்ணப்பித்தால், ஆணையாளர் விரும்பினால், தன் தற்றுணிபின் பேரில் நீடிக்கலாம். அதே சந்தியில், மற்ற உறையின் முதுகில் வைத்து அந்த விண்ணப்பத்தை எழுதத் தொடங்கினேன். என்னுடைய சேவைக் காலத்தில் அப்படி எத்தனையோ விண்ணப்பங்கள் என் மேசைக்கு வந்தன. தீவிலிருந்து, நோயாளிகளிடமிருந்து, தபால் பிந்தியவர்களிடமிருந்து. தபால் பிந்தியது தகுந்த காரணமல்ல என்று ஒவ்வொன்றிலும் நானே குறிப்பு எழுதியிருக்கிறேன். அந்தக் குறிப்புகள் இன்னும் மாதிரியாகப் பாவனையில் இருப்பதாக அறிகிறேன்.

கடிதத்தின் தலையில் இருந்த திகதி வைகாசி மூன்று. தபாற்காரர் அதை என் கையில் தந்த திகதி வைகாசி பத்தொன்பது.